மணிக்கணக்கு

என் டிராக்டரில் வேகம் காட்டும் முள் செத்து நாலு வருசம்.
மணி காட்டும் மீட்டர் மட்டும் சாகாது.
அதுதான் எனக்குச் சோறு.
ஐந்து கொத்துக்கு ஒரு விலை, ரொட்டாவேட்டருக்கு ஒரு விலை.
கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் வரைக்கும்
எந்தக் காடு எத்தனை மணி என்று
தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.

ஜெசிந்தாவின் காடு இரண்டேகால் மணி.
வைகாசியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று,
நடுவில் களைக்கு ஒரு சால்.
அந்த வைகாசியில் வண்டியைத் திருப்பியதும்
வரப்பில் நின்று கையை ஆட்டினாள்:
"வேண்டாம் சிக்கந்தர். இனி உழவு இல்லை."
கையில் காசில்லை போல என்று நினைத்து
"அறுப்புக்கு அப்புறம் கொடு" என்றேன்.
சிரித்துக்கொண்டே போனை நீட்டினாள்.

பிரேசிலாம்.
கடல் மாதிரிக் காடு.
போன வெள்ளாமைத் தட்டை கிடந்தபடி கிடக்க
நடுவில் கீறி விதை இறக்கிப் போகிறது ஒரு மிஷின்.
பேசியவனுக்கும் எனக்கும் பொதுவாய் ஒரு சொல் இல்லை.
மண்ணை அள்ளி மோந்து பார்த்தான்,
அது மட்டும் புரிந்தது.
"அந்த மிஷின் ஒரு கோடி ஆகும்" என்றேன்.
"எங்கிட்டக் கடப்பாரை இருக்கு" என்றாள்.

முதல் வருசம் தோற்றாள்.
கோரை முட்டி தாண்டியது,
தட்டைக்குள் எலி குடும்பம் நடத்தியது,
மக்காச்சோளம் பதினாறு மூட்டை வரும் இடத்தில் ஒன்பது.
சோம்பேறிக் காடு என்று டீக்கடையில் பெயர் விழுந்தது.
வைத்தது நான்தான்.

மறுவருசம் ஆடி.
கணவாய்க் காற்று தெரியுமா உங்களுக்கு?
பாலக்காட்டு வாய் வழியே நுழைந்தால்
தென்னை மட்டையெல்லாம் ஒரே பக்கம் வாரிக்கொள்ளும்.
ஆல்பர்ட் காட்டில் நான். மூன்றாவது சால், புழுதி உழவு.
திரும்பிப் பார்த்தேன்.
நான் கிழித்த மண் எழுந்து நின்றது,
சிவப்பாய், ஓர் ஆள் உயரம்.
பிறகு பனை உயரம்.
பிறகு கிழக்கே நடந்தது.

என் வைக்கோல் லோடுக்கே சீட்டுக் கேட்கும் சோதனைச் சாவடி
அதை ஒன்றும் கேட்கவில்லை.
கேரளத்து மண்
ரசீதில்லாமல் தமிழ்நாட்டுக்குள் போனது.
மீட்டரைப் பார்த்தேன்.
ஓர் எண் உருண்டது.

பக்கத்தில் அவள் காட்டில் காற்று
தட்டையைக் கலைத்துப் பார்த்துவிட்டு
வெறுங்கையோடு போனது.

இதோடு நான் மாறிவிட்டேன் என்று எண்ண வேண்டாம்.
பைனான்ஸ்காரன் ஏழாம் தேதி வருவான்.
அவனிடம் மண்புழுவைக் காட்ட முடியாது.

புரட்டாசியில் அவளே கூப்பிட்டாள்.
சணப்பு இடுப்புக்கு மேல், மஞ்சள் மஞ்சளாய்ப் பூத்து.
"உழாமல் ஓட்ட எவ்வளவு?"
அப்படி ஒரு விலை என்னிடம் இல்லை.

பழைய தார் டிரம்மில் மணல் ரொப்பி
ஆங்கிள் பட்டை குறுக்குக் குறுக்காய் வைத்து
வெல்டர் பிஜு உருளை ஒன்று செய்திருந்தான்.
கொத்துகளைக் கழற்றி ஓரம் போட்டேன்.
வண்டிக்குப் பின்னால் அம்மணமாய் நிற்பது போலிருந்தது.

ஓட்டினேன்.
பச்சை மடங்கிப் படுத்தது, பாய் போல, மொறமொறவென்று.
எனக்குப் பின்னால் நிலம் நிறம் மாறாதது
இருபது வருசத்தில் அன்றைக்குத்தான்.
சத்தம் கேட்டு வழக்கம்போல் கொக்குகள் இறங்கின.
புரண்ட மண் எங்கே, புழு எங்கே.
கொஞ்ச தூரம் நடந்துவந்து
கழுத்தை நீட்டி என்னைப் பார்த்தன,
நான் ஏதோ ஏமாற்றியது மாதிரி.

நாற்பது நிமிசம். முக்கால் மணி கூட இல்லை.
அவள் ஒரு மணிக்குக் கொடுத்தாள், பேரம் பேசவில்லை.
ரசீதுப் புத்தகத்தில் அச்சடித்தே இருக்கிறது, உழவுக் கூலி என்று.
அடித்தேன்.
மேலே என்ன எழுத?
பேனா காகிதத்தில் நின்றது, மை ஊறிப் பரவும் வரை.
கடைசியில் தொகையை மட்டும் எழுதிக் கிழித்துக் கொடுத்தேன்.

அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினாள்.
கொக்குகள் இன்னும் போகவில்லை.